மேற்குப் பக்கம் என் பங்கு

என் அக்காவின் மேல் எனக்குப் பொறாமை. இதை எதைப் போட்டு மூடினாலும் வெளியே தெரியத்தான் செய்கிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு வீடு இருக்கிறது, நிலம் இருக்கிறது. காலையில் அவள் கதவைத் திறந்தால் அதே பாதை, அதே ஆட்கள், அதே சண்டைகள். நான் கதவைத் திறந்தால் எதிர்வீட்டு மாடியில் யாருடைய பேண்டோ காய்ந்துகொண்டிருக்கிறது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு வண்டிப்பாதை, ஒரு மாட்டுவண்டி போனால் எதிரே வருகிற ஆள் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். அந்தப் பாதைக்கு மேற்கே இருந்தது எல்லாம் புதுச் சாலைக்குப் போனது. கிழக்கே இருந்தது அப்படியே நின்றது. நான் மேற்கு.

எங்கள் ஊர் சமயநல்லூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் இருக்கிறது. இருக்கிறது என்று கை தானாக எழுதிவிட்டது, பாதிதான் இருக்கிறது. நானும் அக்காவும் ஒரு வீட்டில் பிறந்து ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அண்ணனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள், தம்பிக்கு என்னை. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டதும், "அக்கா தங்கச்சி ஒரே வீட்லயா, எம்புட்டு ஒத்துமையா இருக்கும்" என்பார்கள். அந்த ஒற்றுமையை என்னிடம் கேட்க வேண்டும். மற்ற பெண்களுக்குப் பிறந்த வீட்டுக்குப் போனாலாவது ஓரகத்தியிடமிருந்து விடுதலை உண்டு. எனக்கு அதுவும் கிடையாது. தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்குப் போனால் எனக்கு முன்பே அவள் போய் அடுப்படியில் உட்கார்ந்து வடைக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாமனார் இருக்கும்போதே பாகம் பிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கொரு வழக்கம் உண்டு. மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பங்கு வைத்தவனே முதலில் எடுத்தால் நல்லதையெல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளிவைத்துவிடுவான் என்பதற்காக ஏற்படுத்திய முறை. அக்கா வீட்டுக்காரர் நியாயமான மனிதர், நேர்மையாகத்தான் பிரித்தார். பாதைக்கு மேற்கே நல்ல மண், வற்றாத கிணறு, பழைய ஓட்டு வீடு. கிழக்கே சரளைக்காடு, பரப்பு கொஞ்சம் கூடுதல், புதிதாகத் தளம் போட்டுக் கட்டிய தார்சு வீடு. என் வீட்டுக்காரர் பெரியவர்கள் முன்னால் வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தார். நான் மேற்கே பார்த்தேன்.

"நாங்க மேக்க எடுத்துக்கிறோம்" என்றார்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்தக் கிணற்றின் மேல் அவளுக்கு எப்போதுமே ஒரு கண்.

அடுத்து வந்த வருஷங்களில் நான் கொஞ்சம் ஆடத்தான் செய்தேன். கோடையில் அவள் போட்ட போர் வெறும் காற்றைத் தள்ளும். என் கிணற்றில் தண்ணீர் கிடக்கும், என் கத்தரியும் கனகாம்பரமும் பச்சையாக நிற்கும். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதையைத் தாண்டி வருவாள். "எடுத்துக்கக்கா, யாரு கேக்கப்போறா" என்பேன். அந்த 'எடுத்துக்கக்கா'வை எந்தக் குரலில் சொன்னால் அவளுக்கு எங்கே குத்தும் என்று எனக்குத் தெரியும், கூடப் பிறந்தவள் அல்லவா. அவளும் சும்மா போக மாட்டாள். "உனக்குன்னா எல்லாமே முதல்ல கெடச்சிருதுடி" என்று ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் குடத்தைத் தூக்குவாள். எனக்கு அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

சாலைக்கு அளக்க வந்தவர்கள் முதலில் மூன்று கால் கருவியோடு வெயிலில் நின்றார்கள். பிறகு மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லைக் கொண்டுவந்து என் கத்தரிச் செடிகளுக்கு நடுவில் ஊன்றினார்கள். அளக்க வந்த பையன் மரியாதையானவன், செடியை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தான். மோர் கொடுத்தேன், குடித்தான். அகலமான சாலை, அதோடு ஒரு பெரிய மேம்பாலம் இறங்கும் வளைவு என்று கையைச் சுற்றிக் காட்டினான். கோடு வண்டிப்பாதையை ஒட்டி வந்து நிற்கிறது என்று புரிந்தது.

"தம்பி, இந்தக் கோட்டக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளக் கூடாதா?" என்று கேட்டேன்.

அங்கிட்டு என்றால் அக்கா பக்கம். அக்கா பாதையின் அந்தப் பக்கம் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு நின்றாள், காதில் நன்றாக விழும் தூரம். அந்தப் பையன், "அது மேல முடிவாகி வருதும்மா, வளைவு இப்படித்தான் வரும்" என்றான். அக்கா குழையைக் கட்டிக்கொண்டு போனாள். நான் கேட்டதில் தப்பில்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். கோடு எங்காவது போயாக வேண்டும் என்றால், அது அடுத்தவர் பக்கம் போகட்டும் என்று நினைக்காத ஆள் யார்?

தாலுகா ஆபீஸ் வாசலில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தோம். சாலையே வேண்டாம் என்று தொடங்கினோம். அது நடக்காது என்று தெரிந்ததும், எங்களை மொத்தமாக ஒரே இடத்தில் குடிவையுங்கள், எங்கள் சாமிக்கும் அதில் ஒரு மூலை கொடுங்கள் என்று கேட்டோம். கிழக்குப் பக்கத்தவர்களும் ஆரம்பத்தில் வந்தார்கள். அக்கா ஒரு தூக்குச்சட்டி நிறையப் புளிச்சோறு கிண்டிக்கொண்டு வந்தாள். பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒருத்திக்கு இடுப்பு வலி, ஒருத்திக்கு மருமகள் பிரசவம். அவர்கள் நிலத்தில் கல் இல்லை, அவர்களால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்க முடியும். அந்தத் தூக்கத்தை நினைத்துத்தான் எனக்கு அதிகம் வயிறெரிந்தது.

சேர்ந்து வாழ்ந்தது எந்தக் கணக்கிலும் வராது என்று எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு பட்டாவுக்கும் தனித்தனியாகத்தான் இழப்பீடு. பட்டா இல்லாத வீட்டுக்காரர்கள் பாடு எங்களைவிடத் திண்டாட்டம். வந்த பணத்துக்கு அந்தப் பக்கத்திலேயே நிலம் பார்ப்போம் என்று போனால், சாலை வருகிறது என்பதாலேயே விலை கைக்கு எட்டாமல் போயிருந்தது. எங்கள் நிலத்தின் மேல் வருகிற சாலை, பக்கத்தில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் கிடைக்காமல் செய்துவிட்டது. அக்காவிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளோ என்னவோ. அவளாகச் சொல்லட்டும் என்று நான் இருந்தேன், நானாகக் கேட்கட்டும் என்று அவள் இருந்தாள். இரண்டு பேருக்கும் அப்பாவின் மூக்கு, அப்பாவின் வீம்பு.

மேற்குப் பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒரு குடும்பம் திருப்பூருக்குப் போனது, ஒன்று சமயநல்லூரில் வாடகைக்கு, இன்னொன்று திருமங்கலம் பக்கம் மகள் வீட்டுக்கு. எங்களுக்கு மதுரைக்குள், திருநகரில் ஒரு மாடி வீடு கிடைத்தது. கடைசியில் மிச்சமிருந்தது சாமி மட்டும்தான்.

எங்கள் பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொதுவான அம்மன் அவள். என் நிலத்தின் மூலையில் இருந்தாள். கூரை கிடையாது, ஒரு மண் பீடம், மேலே மூன்று கல், ஒரு வேல். மாசி சிவராத்திரிக்கு எல்லோரும் வந்து பொங்கல் வைத்துக் கிடாய் வெட்டுவார்கள். மற்ற நாளில் வெள்ளிக்கிழமை விளக்கு என் கையில். அக்கா பாதையைத் தாண்டி வந்து கும்பிட்டுவிட்டு, திரியைக் குறை சொல்லிவிட்டுப் போவாள். இப்படிப்பட்ட சாமியை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பீடத்தைத் தூக்க மாட்டோம். அதிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, புது இடத்தில் அதைப் போட்டு, மேலே பீடம் கட்டுவோம். பிடிமண் என்போம். அந்த மண் போகிற இடம் சாமி இருக்கிற இடம், பழைய பீடம் அதற்குப் பிறகு வெறும் மண்.

இடிக்க வந்த இயந்திரத்தை ஓட்டியவன் அம்மன் பக்கத்தில் வந்ததும் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, தூரமாகப் போய்க் குந்திக்கொண்டான். "நீங்க சாமிய எடுங்க. அதுவரைக்கும் நான் வண்டில ஏற மாட்டேன்" என்றான். ஆக, உடனே முடிவு செய்ய வேண்டியிருந்தது. போன் போட்டுச் சொல்லி, மறுநாளே பங்காளிகள் எல்லோரும் கூடினோம். பூசாரி எங்கள் பங்காளிகளில் ஒருவர், என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை, மற்ற நாளில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

கிழக்குப் பக்கத்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது, எனக்கு எரிச்சலே அதுதான். "பாதையத் தாண்டி இங்கிட்டு வச்சிருவோம். ஊர விட்டுப் போக வேண்டாம்ல" என்றார்கள். இங்கிட்டு என்றால் அக்காவின் நிலம். அக்கா ஒன்றும் சொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சொல்லாமல் நிற்பதில் அவள் கெட்டிக்காரி.

எனக்கு வந்தது கோபம். "வீடு உங்களுக்கு. நெலம் உங்களுக்கு. ரோட்டு மேல கடை வைக்கிற யோகமும் உங்களுக்கு. சாமியும் உங்களுக்கேவா? எங்களுக்குன்னு ஒன்னுமே வேணாமா?" என்று கத்தினேன். தொண்டை கம்மிப்போகிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன் போல. மேற்குப் பக்கத்தவர்கள் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். இரண்டு பக்கமும் பேச்சு தடித்தது.

பூசாரிதான் கையை உயர்த்தி, "நம்ம எதுக்குச் சண்ட போடணும்? அவகிட்டயே கேட்டுருவோம்" என்றார். பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. சிவப்பு அரளி வந்தால் போகிறவர்களோடு வருகிறாள், வெள்ளை அரளி வந்தால் பாதையைத் தாண்டி இங்கேயே இருக்கிறாள். இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் பொதிந்து பீடத்தின் முன் வைத்தார். விவரம் தெரியாத குழந்தை எடுக்க வேண்டும் என்பது முறை. அங்கிருந்த ஒரே சின்னக் குழந்தை அக்காவின் பேத்திதான். அதிலும் அவளே முந்தி என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு.

குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்து வாயில் வைக்கப் போனது. பூசாரி பிடுங்கிப் பிரித்தார். சிவப்பு.

எங்கள் பக்கத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். நானும் போட்டேன், எல்லோரையும்விடச் சத்தமாக. அந்த நிமிஷம் எனக்கு வீடு போனது, கிணறு போனது எல்லாம் மறந்துவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வேண்டுமென்றேதான் பார்த்தேன். அவள் உதட்டை மடித்துக்கொண்டு, பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "உனக்குன்னா எல்லாமே முதல்லதான்டி" என்றாள். இந்த முறை அவள் குரலில் குத்தல் குறைவாக இருந்தது. நான் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

பூசாரி ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தார். அப்போதுதான் நாங்கள் செய்த மடத்தனம் எங்களுக்குத் தெரிந்தது. இருக்கிறாயா, வருகிறாயா என்று மட்டும் கேட்டோம். வருகிறேன் என்று அவளும் சொல்லிவிட்டாள். எங்கே வருகிறாய் என்று யாருமே கேட்கவில்லை. திருப்பூர்க்காரர்கள் லைன் வீட்டில் இருக்கிறார்கள். சமயநல்லூர்க்காரர்களுக்கு வீட்டு முன்னால் சாக்கடை. திருமங்கலம் பக்கம் போனவர்கள் மருமகன் தயவில் இருப்பவர்கள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்தார்கள்.

"யாராச்சும் எடம் வாங்குற வரைக்கும் நீங்களே வச்சிருங்க மதினி. நீங்கதான சத்தம் போட்டீங்க" என்றார் பூசாரி.

பிடிமண்ணை உரிய இடத்தில் சேர்க்கும்வரை கீழே வைக்கக் கூடாது. முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவிலும் பஸ்ஸிலும் வந்தேன். பெரியார் பஸ் நிலையத்தில் பஸ் மாறும்போது கூட்டம் நெரித்தது, ஒரு கையால் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரி நகை என்று நினைத்திருப்பாள், நான் இறங்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

மாடி வீட்டில் அதை எங்கே வைப்பது? தரையில் வைக்க முடியாது, அலமாரியில் செருப்பு டப்பாவுக்கு மேலே வைக்க மனம் வரவில்லை. ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். வெள்ளிக்கிழமை அதன் முன் விளக்கேற்றினேன்.

வீட்டுக்காரம்மா கீழே குடியிருக்கிறார். வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவார், என்னிடம் எங்கள் ஊர்க்காரியைப் போலவே தமிழ் பேசுவார். வாடகை விஷயமாக மேலே வந்தவர் ஜன்னலைப் பார்த்து, விவரம் கேட்டார். சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "மண்ணுன்னா மண்ணுலதானம்மா வைக்கணும். மேல பூரா சிமெண்டு. கீழ நான் டைல்ஸ் போட்டுட்டேன்" என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே யோசித்தார். பின்பக்கம் முருங்கை மரத்தடியில் ஒரு டைல்ஸை வேண்டுமானால் பெயர்த்துக்கொள்ளலாம் என்றார்.

"மாசிக்குக் கிடாய் வெட்டுவோம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் டைல்ஸைப் பற்றிப் பேசவேயில்லை. அவருக்கு மதுரைக்குள் மூன்று வீடு இருப்பதாகச் சொல்வார்கள். ஒன்றில் கூட ஒரு சாண் வெறும் மண் இல்லை. அவர் மேலும் எனக்குப் பொறாமை உண்டு, ஆனால் அக்கா மேல் உள்ள அளவுக்கு இல்லை. அந்நியர் மேல் படுகிற பொறாமையில் அவ்வளவு வேகம் கிடையாது.

சாலை வேலை முடிகிற சமயம் அக்கா ஒரு நாள் பார்க்க வந்தாள். முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். ஒரு பை நிறைய முருங்கைக்காய், கறிவேப்பிலை. கறிவேப்பிலையை அவள் கொடுத்தவிதம் எனக்குப் பிடிக்கவில்லை, அல்லது யார் கொடுத்திருந்தாலும் பிடித்திருக்காது. சாலையை ஒட்டிய தன் இடத்தில் ஒரு டீக்கடைக்கு வாடகைக்கு விட்டிருப்பதாகவும், லாரிகள் வரிசையாக நிற்பதாகவும் சொன்னாள். "அம்புட்டுக் கூட்டம்டி" என்றாள். என் கிணற்றின் மேல் நிற்கிற லாரிகள். காப்பிக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் காப்பியை முகம் சுளிக்காமல் குடித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள், தண்ணீர் வருவதைப் பார்த்தாள், மூடினாள். "தொறந்தா வந்துருது" என்றாள். ஊரில் அவளுக்கு இப்போது என் கிணறும் இல்லை, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேச்சை நான் நீட்டவில்லை.

திரும்பும்போதுதான் ஜன்னலைப் பார்த்தாள்.

"அடியே, சாமியக் கொடியில காயப் போட்டிருக்க!"

சிரிப்பு வந்துவிட்டது, இரண்டு பேருக்கும். சிரித்து முடிந்ததும் அவள், "என் நெலத்துல எடம் கெடக்குடி" என்றாள்.

"உன் நெலம்னு சொல்லிக் காட்டத்தான் வந்தியா?"

"பின்ன யாரு நெலம்னு சொல்ல?"

"பூ எங்களுக்குத்தான் விழுந்துச்சு. ஞாபகம் இருக்கட்டும்."

"எனக்கு ஞாபகம் இருக்கு. வச்சிரு, நல்லாக் காத்தோட்டமா வச்சிரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அந்த முருங்கைக்காயை அன்றைக்கே குழம்பு வைத்தேன். ருசியாக இருந்தது, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

தை முடிந்து மாசி நெருங்கியது. போன் வர ஆரம்பித்தது. திருப்பூரிலிருந்து கேட்டார்கள், திருமங்கலம் பக்கமிருந்து கேட்டார்கள், "சிவராத்திரிக்கு எங்கிட்டு வரணும்?" என்று. "பாத்துக்கிட்டிருக்கோம், சொல்றேன்" என்றேன். பிள்ளைகளுக்கு மொட்டை போட வேண்டியவர்கள், கிடாய் நேர்ந்தவர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். சிவராத்திரிக்குள் அவளுக்கு ஓர் இடம் இல்லையென்றால் அவரவர் ஆளுக்கொரு கோயிலுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு எங்களைப் பங்காளிகள் என்று சேர்த்து நிறுத்த எதுவும் மிஞ்சாது. அதைக் கெடுத்தவள் என்று என் பெயர்தான் நிற்கும்.

கால்வாய்க் கரையில் ஒரு புறம்போக்கு மூலையைப் பார்த்துவைத்து என் வீட்டுக்காரரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். நிலம் போன பிறகு அவர் அவனியாபுரத்தில் ஒரு பட்டறையில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார். களைத்துப்போய் வந்திருந்தார். அந்த இடத்தை ஒரு தரம் பார்த்தார். "நாளைக்கு இதுலயும் மஞ்சக் கல்ல ஊனுவான்" என்றார். பிறகு, "பேசாம உங்கக்கா கிட்டயே கொண்டுபோயிருவோம்" என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன், பேச்சுப் போடவில்லை.

சிவராத்திரிக்கு முந்தின வாரம் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் மெல்லிய தூசி. நகரத்தில் தூசிக்குப் பஞ்சமா என்று பெருக்கி முறத்தில் அள்ளினேன். அள்ளும்போது அது குங்குமச் சிவப்பு கலந்த கறுப்பாக, கொஞ்சம் விபூதி வாசனையோடு இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சள் துணி காற்றில் ஆடி ஆடி, உள்ளே மண் காய்ந்து பொடியாகி, இழை வழியாக உதிர்ந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாகப் பெருக்கினேனோ தெரியவில்லை. அம்மனை விளக்குமாற்றால் கூட்டிக் குப்பைக்காரனிடம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முறத்தில் இருந்ததை ஈர விரலால் தொட்டுத் தொட்டு எடுத்து முடிச்சுக்குள் திரும்பப் போட்டேன். முடிச்சைக் கையில் வைத்து எடை பார்த்தேன், பாதிதான் இருந்தது. என் வீம்புக்கு இன்னும் ஒரு மாதம் கொடுத்தால் வெறும் துணிதான் தொங்கும். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நான் வாரேன்."

"வா" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதிலும் அவள் கெட்டிக்காரி.

மறுநாள் மத்தியானம் சமயநல்லூரில் இறங்கினேன். பூசாரி தன் ஆட்டோவோடு வந்து நின்றார், மற்ற ஆளை ஏற்றாமல் என்னை மட்டும் கூட்டிப்போனார். சாலையை உயரமாக மண் கொட்டிப் போட்டிருந்தார்கள், அதன் மேல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. என் கிணறு இருந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. சாலையின் நீளத்தைப் பார்த்து இங்கேயோ, அங்கேயோ என்று ஊகிக்கத்தான் முடிந்தது. பாதைக்குக் கிழக்கே மட்டும் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி. டீக்கடை, பெரிய போர்டு, பாய்லரில் ஆவி. கடை நன்றாகத்தான் ஓடியது.

அக்கா தன் நிலத்தின் மூலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பழைய அண்டா கவிழ்த்துக் கிடந்தது. அதை நகர்த்தினாள். உள்ளே ஒரு குழி, முழங்கை ஆழம், ஓரமெல்லாம் ஒழுங்காகச் செதுக்கியிருந்தது. வெட்டியது புதிதாகத் தெரியவில்லை, மழை பார்த்த குழி.

"எப்பத் தோண்டின?"

"பூக்கட்டிப் பாத்த அன்னைக்குக் காலைல" என்றாள். "எங்கிட்டும் போக மாட்டா, இங்கதான் வருவான்னு தோணுச்சு. ஆடு விழுந்துறக் கூடாதுன்னு அண்டாவக் கவுத்து வச்சேன்."

அதாவது, கேட்பதற்கு முன்பே தோண்டிவைத்திருக்கிறாள். பேத்தி பூவை எடுக்கும்போது இவள் குழியோடு நின்றிருக்கிறாள். "அம்புட்டு நிச்சயமா உனக்கு?" என்று கேட்டேன், கோபமாகத்தான்.

"பின்ன? நீ எங்கிட்டுடி கொண்டுபோய் வைப்ப?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பூசாரி என்னைத்தான் போடச் சொன்னார். அம்மன் மேற்குப் பக்கத்தவர்களோடு வந்தவள், மேற்குப் பக்கத்துக் கைதான் விட வேண்டும் என்றார். முடிச்சை அவிழ்த்துக் குழியில் கொட்டினேன். ஒரு பிடியாகப் புறப்பட்ட மண் அரைப்பிடிதான் விழுந்தது. துணியை உதறி, நகத்தால் இழையைச் சுரண்டி, மிச்சத்தையும் விட்டேன். அவளுடைய சரளை மண்ணுக்கு நடுவில் என் மண் மட்டும் கறுப்பாகத் தனியாகத் தெரிந்தது. அக்கா செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினாள். சொதசொதவென்று ஆகி, எது யாருடையது என்று தெரியாமல் போனது. இரண்டு பேரும் குனிந்து கையால் அழுத்தினோம். அவள் குலவை போட ஆரம்பித்தாள், நான் சேர்ந்துகொண்டேன். பூசாரி அங்கேயே நின்று திருப்பூருக்குப் போன் போட்டு இடத்தைச் சொன்னார்.

"இனி அவள யாரும் எங்கிட்டும் அனுப்ப முடியாது" என்றாள் அக்கா, கையைக் கழுவிக்கொண்டே. நல்ல மனதோடுதான் சொன்னாள். "நீயும் இருந்துட்டுக் காலைல போடி."

"அவரு வேலைல இருந்து வந்துருவாரு. நான் போறேன்" என்றேன்.

அந்த ஈர மண்ணை இன்னொரு தரம் பார்த்தேன். வழக்கம்போல் வயிறு எரிந்தது. இந்த முறை அக்காவை நினைத்து அல்ல, அவள் வீட்டை நினைத்தும் அல்ல. பாதைக்கு மேற்கே இருந்து கிளம்பிய எங்கள் எல்லோரிலும், அந்த அரைப்பிடி மண்ணுக்கு மட்டும்தான் ஊரில் இடம் கிடைத்திருந்தது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன், மடி காலியாக இருந்தது.